கழற்றும் முன் ஒரு நிமிஷம்: சின்ன டீசல் கார் கேள்வி பதில்

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பிஎஸ்6 புகை மாசு விதி வந்ததோடு மாருதி டீசல் எஞ்சினையே விட்டுவிட்டது. மற்ற பல கம்பெனிகளும் சின்ன கார்களில் டீசலை ஒவ்வொன்றாக நிறுத்தின. ஸ்விஃப்ட், ரிட்ஸ், ஃபிகோ, இண்டிகா விஸ்டா என்று இன்றும் ரோட்டில் ஓடும் டீசல் ஹேட்ச்பேக்குகளுக்கு வாரண்டி முடிந்து வெகுநாள் ஆகிறது. ஸ்பேனர் சொந்தக்காரர் கைக்கே வந்துவிட்டது. இந்த மாதக் கடிதங்களும் அவர்களிடமிருந்துதான்.

2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். அதிலிருந்து தினமும் காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஒரு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உண்மையா?
திண்டுக்கல் வாசகர்

பம்ப் போயிருந்தால் நாள் முழுக்க இப்படி ஒழுங்காக ஓடாது. ராத்திரி வண்டி நிற்கும்போது லைனுக்குள் காற்று ஏறி, அங்கே நிற்க வேண்டிய டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் ஃபில்டரில் மிச்சமிருக்கும் டீசலில் எஞ்சின் பிடிக்கிறது. அது தீர்ந்ததும் நிற்கிறது. ஃபில்டரைத் தொட்ட பிறகு வந்த கோளாறு என்பதால் முதலில் ஃபில்டரையே பாருங்கள்.

மூன்று இடங்கள். ஒன்று, ஃபில்டரின் ஓ-ரிங்: பழையதை அப்படியே போட்டிருக்கலாம், அல்லது புதியதை உலர்ந்தபடி திருகியதில் முறுக்கிக்கொண்டிருக்கலாம். புதிய ஓ-ரிங்கை டீசலில் நனைத்துப் போட வேண்டும். இரண்டு, அடியில் இருக்கும் தண்ணீர் சென்சார் அல்லது டிரெயின் திருகு. பழைய ஃபில்டரிலிருந்து இதைக் கழற்றிப் புதியதில் மாட்டும்போது வாஷரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று, ஹோஸ் முனையிலுள்ள பிளாஸ்டிக் கிளிப். அதை விரலால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருந்தால் உள்ளே முடி அளவு விரிசல் விட்டிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது.

டீசல் வெளியே ஒழுகவில்லையே என்று கேட்பீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் தெரியுமல்லவா, அந்த மாதிரி கண்ணாடி போலத் தெரியும் டியூபில் ஒரு அடி வாங்கி, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸுக்கு நடுவே தற்காலிகமாக மாட்டுங்கள். லைனின் விட்டத்துக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் நிமிஷம் குமிழி வரும், அது பரவாயில்லை. ஐந்து நிமிஷம் கழித்தும் சரம் சரமாக வந்துகொண்டே இருந்தால் ஃபில்டரிலோ அதற்கு முன்னாலோ காற்று ஏறுகிறது. டேங்க் பக்கத்திலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸில் அதே டியூபை மாட்டினால், எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். இந்த டியூப் சோதனைக்கு மட்டும்தான். டீசலில் ஊறினால் சில நாளில் குச்சி மாதிரி விறைத்துவிடும், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

காற்றை எடுக்கும் முறை: டீசல் லைனில் கைபம்ப் இருந்தால் அது கல் மாதிரி இறுகும்வரை அமுக்குங்கள். டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப் உள்ள மாடலில் சாவியை ஆன் செய்து பத்து விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி நாலைந்து தடவை. பிறகு செல்ஃப். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே அரை நிமிஷமாவது ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுங்கள். விடாமல் அடித்தால் செலவு ஸ்டார்ட்டரோடு நிற்காது. ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு. வறட்சியாகச் சுழன்றால் உள்ளே உலோகம் உரசிப் பொடியாகும். அந்தப் பொடி, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தரும் ‘ரெயில்’ என்ற பொதுக் குழாய் வழியாக நாலு இன்ஜெக்டருக்கும் போகும். மெக்கானிக் சொன்ன ‘பம்ப் போச்சு’ அப்போது நிஜமாகவே நடந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. புது ஃபில்டரின் நடு ஓட்டை வழியாக டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள். பல ஃபில்டர்களில் அதுதான் சுத்தமான பக்கம். கேனில் இருந்த தூசி வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும். அடுத்தது, பழைய 1405 சிசி இண்டிகாவில் எஞ்சின் சுற்றும்போதே நாசில் பைப் நட்டைத் தளர்த்திக் காற்றை எடுப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. பழைய நாசில் திறக்க 150 பார் அழுத்தம் போதும். ஸ்விஃப்ட்டில் உள்ள 1.3 மல்டிஜெட் மாதிரியான காமன் ரெயிலில் 1400 பாருக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் விரலையே இழக்க நேரலாம். எஞ்சின் ஓடும்போது அந்த இரும்பு பைப்புகளில் கை வைக்க வேண்டாம்.

துடைக்கப் பனியன் வேஸ்ட்டும் வேண்டாம். மற்ற வேலைக்கெல்லாம் அதை விட்டால் வேறு துணி இல்லை. ஆனால் அதன் நூல் பிசிறு டீசல் லைனுக்குள் போனால் வினை. பிசிறு விடாத மைக்ரோஃபைபர் துணி போதும்.

2000 ஆர்பிஎம் தாண்டினால் பிக்கப் இல்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது. மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று சத்தம். டர்போ மாற்ற வேண்டும் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்.
நாமக்கல் வாசகர்

அந்த ‘உஸ்ஸ்’ சத்தம்தான் துப்பு. காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களில் ஏதோ ஒன்று கிழிந்திருக்கும், அல்லது கிளிப் விட்டிருக்கும். உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே அளந்து, அதற்கேற்ப டீசலை விடுகிறது எஞ்சின் கம்ப்யூட்டர். அளந்த காற்றில் பாதி வழியிலேயே ஓடிவிட்டால் டீசல் மிஞ்சும். மிஞ்சியது எரியாமல் கரியாக வருகிறது. ஐடிலில் ஹோஸுக்குள் அழுத்தம் கிடையாது, அதனால் நின்ற இடத்தில் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஹோஸின் மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று முடிவு கட்டாதீர்கள். கிழிவது பெரும்பாலும் அடிப்பக்கத்தில், வளைவில், அல்லது பிராக்கெட்டில் உரசும் இடத்தில். வெளியே எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தால் அங்கே விரலால் அழுத்தி விரித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் இப்படிச் சோதியுங்கள். ஹார்டுவேர் கடையில் டர்போ வாய்க்குப் பொருந்தும் அளவில் ஒரு பிவிசி எண்ட் கேப், பஞ்சர் கடையில் ஒரு டியூப் வால்வ். கேப்பில் ஓட்டை போட்டு வால்வைப் பொருத்தி, ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி அந்த இடத்தில் கிளிப் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் ஆஃப். கைபம்பால் 0.7 பார், அதாவது 10 பிஎஸ்ஐ வரை காற்றடித்து, எல்லா ஹோஸ் மேலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டையில் நுரை பொங்கும். அதற்கு மேல் அடிக்க வேண்டாம், சீல்கள் தாங்காது. திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்று கசிந்து அழுத்தம் மெல்ல இறங்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். கரண்டியால் அள்ளும் அளவு தேங்கியிருந்தால்தான் டர்போ சீலைச் சந்தேகப்பட வேண்டும். டர்போவையும் பார்த்துவிடுவது நல்லது: எஞ்சின் ஆறிய பிறகு விசிறியின் நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு ஆட்டம் தெரியவே கூடாது. இறக்கை, கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால் டர்போவுக்கு ஒன்றுமில்லை, கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள்.

புகையின் நிறம் வேறானால் கதையும் வேறு. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து சூடானதும் நிற்கிறது என்றால், ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நல்ல பிளக் மல்டிமீட்டரில் ஒரு ஓம் அளவில் காட்டும். போனது ஒன்றுமே காட்டாது. கழற்றுவதானால் எஞ்சின் சூடாக இருக்கும்போது, முந்தின ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்து. வலுக்கட்டாயமாகத் திருகினால் பாதி பிளக் ஹெட்டுக்குள் (எஞ்சினின் மேல் பாகம்) ஒடிந்து நிற்கும், அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். சமவெளியில் ஒரு பிளக் போனால் பலருக்குத் தெரிவதுகூட இல்லை. ஊட்டி, கொடைக்கானல் காலையில் தெரிந்துவிடும்.

இஜிஆர் வால்வுக்கு (எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) தகடு வைத்து அடைத்தால் மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்கிறார்கள். புகைச் சான்றிதழில் மாட்டுமா?
ஓசூர் வாசகர்

மாட்டாது. டீசல் வண்டிக்குப் புகை எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும்தான் அங்கே அளக்கிறார்கள். இஜிஆர் குறைக்கும் நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி பார்ப்பதில்லை. மாட்டவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. கம்பெனி கொடுத்த மாசுக் கட்டுப்பாட்டை முடக்குவது சட்டப்படி தவறுதான், ஊர்க் காற்றுக்கும் கேடு. பல மாடல்களில் எஞ்சின் விளக்கும் எரிந்து வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும்.

தகடு வைத்ததும் வண்டி துள்ளுகிறது என்றால், அதுவரை வால்வு கரியில் சிக்கித் திறந்தபடி நின்றிருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்தாலே அதே பிக்கப் கிடைக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டரை எடுத்து, வால்வை மட்டும் இறக்குங்கள். கூலரோடு சேர்த்து எடுத்தால் கூலண்ட் வழியும். கரி, தார் மாதிரி பிசுபிசுப்பாக இருக்கும். எஞ்சின் மூச்சுக் குழாயின் எண்ணெய் ஆவியும் புகைக் கரியும் சேர்ந்த பிசின் அது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, ஐஸ் குச்சியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பட்டால் வால்வு உட்காரும் இடம் கீறி, பிறகு மூடவே மூடாது. மோட்டார் பக்கம் கிளீனர் படக் கூடாது. கேஸ்கெட் புதிது போடுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்டேக் வழியாக கிளீனர் அடிக்கும் வித்தை பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் அது எரிபொருளாகவே எரிந்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும்.

மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இது சீக்கிரமே திரும்பி வரும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பைபாஸில், 2500 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஓட்டுங்கள்.

ஹெட்லைட் மங்கல். 100/90 வாட் பல்பு போடலாமா? எல்இடி?
தென்காசி வாசகி

இரண்டும் வேண்டாம். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினும் லைட்டும் ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, பல்பு கனெக்டரின் பின்னால் ஒரு அளவு. பேட்டரியில் 14.0 வோல்ட், பல்பில் 12.4 என்று வந்தால் நடுவே 1.6 வோல்ட்டைப் பழைய ஒயரும் சுவிட்சும் தின்கின்றன. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போயிருக்கும். அதே ஒயரில் 100 வாட் போட்டால் கரண்ட் கூடும், இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். சட்டத்திலும் இடமில்லை.

செய்ய வேண்டியது ரிலே: பழைய சுவிட்ச் அதை இயக்கும், அது பேட்டரி கரண்டை நேரே பல்புக்கு விடும். எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்) உள்ள வண்டிக்கு: 30 ஆம்பியர் ரிலே இரண்டு (டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று), 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், செராமிக் ஹோல்டர் இரண்டு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் கனெக்டர் ஒன்று 85, 86 வழியாக ரிலேயை இயக்கும். இன்னொன்றைக் காப்பிட்டுக் கட்டிவிடுங்கள். எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் கொடுங்கள். சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவை அல்ல, நெகட்டிவைத் திறந்து மூடும். பழைய கனெக்டரில் எது பொது முனை என்று மீட்டரில் பார்த்த பிறகே இணையுங்கள்.

பல்பு பழைய 60/55 வாட்டே போதும். எச்4 ரிஃப்ளெக்டரில் எல்இடி போட்டால் வெளிச்சம் பரவும் இடம் மாறி, எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும். உங்களுக்கு ரோடு தெரியாது.

ஃபிகோ 1.4 டீசல், 2011. பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா? அல்லது ஸ்விஃப்ட் மாதிரி இதற்கும் ஆயுசுக்கும் கவலை இல்லையா?
செங்கல்பட்டு வாசகர்

ஸ்விஃப்ட்டின் 1248 சிசி எஞ்சினில் செயின். உங்கள் 1399 சிசி எஞ்சினில் ரப்பர் பெல்ட். செயினுக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஆயில் மாற்றத் தவறினால் நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடக்கும். உங்கள் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும், ஹெட் வேலைதான்.

கி.மீ. குறைவாக ஓடியிருந்தாலும், 2011 பெல்ட் இன்னும் மாற்றப்படவில்லை என்றால் வண்டியை ஓட்டாமல் மாற்றுங்கள். ரப்பருக்கு வயதும் கணக்கு. இதை வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெல்ட் இணைக்கும் கிராங்க், கேம் தண்டுகளை நிறுத்திப் பிடிக்கும் லாக்கிங் பின் செட் வேண்டும். பேனாவில் கோடு போட்டு வைத்துக்கொண்டு செய்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் மூன்றும் சேர்ந்த கிட்டாக வாங்கி, வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த பம்பை இதே பெல்ட்தான் சுற்றுகிறது. ஆறு மாதத்தில் பம்ப் ஒழுகினால் முழு வேலையும் முதலிலிருந்து. பழைய பெல்ட் எண்ணெயில் நனைந்திருந்தால் எந்த சீல் கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போடாதீர்கள்.

நண்பரின் ஃபிகோ 15 இன்ச் அலாய் வீல் சும்மா கிடைக்கிறது. என் ஸ்விஃப்ட் விடிஐ-யில் 165/80 ஆர்14 டயர். மாட்டலாமா?
கோவை வாசகர்

மாட்டாது. ஸ்விஃப்ட்டில் நாலு போல்ட் 100 மில்லிமீட்டர் வட்டத்தில், ஃபிகோவில் 108. லேத்தில் ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் காட்டவே காட்டாதீர்கள்.

ஸ்விஃப்ட்டுக்கென்றே உள்ள 15 இன்ச் வீல் வாங்கினால் 185/65 ஆர்15 டயர் சரி. உங்கள் டயரின் வெளிவிட்டம் 619.6 மில்லிமீட்டர், இது 621.5, ஸ்பீடோ மீட்டர் மாறாது. 195/65 ஆர்15 போட்டால் 634.5. பிக்கப் மந்தமாகும், முழு ஸ்டியரிங்கில் ஃபெண்டரில் உரசவும் வாய்ப்பு. கடை அலாய் வாங்கினால் நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டருக்குப் பெரிதாக இருக்கும்; இடைவெளிக்கு வளையம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 80-ல் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பாலன்சிங் கடைக்கு அலைவீர்கள்.

ஸ்விஃப்ட் டீசல். ஆயில் நானே மாற்றுகிறேன். 3.5 லிட்டர் கேனை முழுக்க ஊற்றிவிட்டேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நிற்கிறது. பரவாயில்லையா?
விருதுநகர் வாசகர்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 1.3 மல்டிஜெட்டுக்கு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3 லிட்டர்தான். மிஞ்சிய ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். மூச்சுக் குழாய் வழியாக அது இன்டேக்குக்குப் போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் சீறும். அப்படி நடந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்ச்சை விட்டு நிறுத்துவது ஒரு வழி.

இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெடிக்கலில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கி, மெல்லிய டியூபை டிப்ஸ்டிக் வழியாக விட்டு உறிஞ்சி எடுங்கள். சமதரையில் நிறுத்தி, இரண்டு கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் மேலே நின்றால் போதும். அடுத்த முறை 2.8 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் செய்து பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். டிரெயின் போல்ட் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது.